மலைச்சரிவும் மனைப்பிரிவும்

நுழையும்முன்

சமவெளியில் மனை வாங்குவோர் நிலத்தைப் பார்த்தால் போதும். மலையில் மனை வாங்குவோர் நிலத்தோடு நீரையும் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் புதிய குடியிருப்பு ஒன்று திட்டமிடப்படும்போது அதன் சுற்றுச்சூழல் விளைவுகளை எவ்வாறு சீர்தூக்குவது? நம் சட்டங்கள் எதை அளக்கின்றன? எதை அளக்காமல் விடுகின்றன? நீலகிரியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

சமவெளியின் கணக்கு

திருச்சிராப்பள்ளி கே.கே. நகரில் மனை வாங்க விரும்பும் ஒருவர் என்னென்ன கேட்பார்? பட்டா யார் பெயரில் உள்ளது, மனைப்பிரிவுக்கு அரசின் ஒப்புதல் உண்டா, முன்னுள்ள சாலை எத்தனை அடி அகலம், குடிநீர் இணைப்பு கிடைக்குமா, ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்குமா என்று கேட்பார். இவற்றுக்கு நிறைவான விடை கிடைத்தால் முன்பணம் கொடுத்துவிடுவார். அவர் கேட்டவை பெரும்பாலும் அந்த ஒரு மனையின் நான்கு எல்லைகளுக்குள் அடங்கும் கேள்விகளே. மூன்று தெருவுக்கு அப்பால் இருப்பவர் தம் வீட்டுக்கு எவ்வளவு ஆழம் தோண்டினார், கழிவுநீரை எங்கே விடுகிறார் என்பவை இவருடைய வீட்டின் உறுதியைத் தொடுவது அரிது. தரை தட்டையாக இருப்பதனால் கிடைக்கும் சலுகை இது. அதைச் சலுகையென்று நாம் உணர்வதுகூட இல்லை.

இதே கேள்விப் பட்டியலோடு உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய ஊர்களின் சரிவுகளிலும் மனை தேடுவோர் பலர். மலைமனை விளம்பரங்களில் காட்சி எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே இருக்கும். கீழே குடியிருப்பவர் அண்ணாந்து பார்க்கும் காட்சி எந்த விளம்பரத்திலும் இடம்பெறுவதில்லை. ஆனால், மலைமனை ஒன்றின் நன்மை தீமைகளை எடைபோடத் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கீழ்வீடுதான்.

திருச்சி மாணவர்களுக்கு மலையென்றால் முதலில் நினைவுக்கு வருவது மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்று பெரும்பாலும் வெற்றுப் பாறை. அதன்மீது பெய்யும் மழை உடனே வழிந்தோடிவிடும். நீலகிரி அத்தகையதன்று. அங்கும் அடியில் உறுதியான சார்னோகைட் பாறை உண்டு. எனினும், நீண்ட நெடுங்காலமாக வெயிலும் மழையும் அப்பாறையைச் சிதைத்து, பல மீட்டர் தடிமனுள்ள மண்போர்வையாக்கி மேலே விரித்துள்ளன. நாம் மலை என்று கருதி வீடு கட்டுவது அந்தப் போர்வையின்மீதுதான்.

நீலகிரி நமக்குத் தொலைவிலுள்ள மலையும் அன்று. அங்கு ஊறும் நீர் மாயாறு வழியாகவும் வேறு பல சிற்றாறுகள் வழியாகவும் பவானியை அடைகிறது. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அந்தக் காவிரியே முக்கொம்பைக் கடந்து திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் வருகிறது. நீலகிரிச் சரிவில் மண் கரைந்தால் அதன் ஒரு பங்கு நம் ஆற்றின் திசையில் பயணம் செய்கிறது.

சிறுகுடி

ஐந்திணைக் கருப்பொருள் அட்டவணையை மாணவர்கள் மனப்பாடமாகவே அறிவர். மருத நிலத்து ஊர்களுக்குப் பேரூர், மூதூர் என்று பெயர். குறிஞ்சி நிலத்து ஊரின் பெயர் சிறுகுடி. தேர்வுக்காகப் படித்து மறந்துவிடும் இச்சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். ஆற்றுப்படுகையின் ஊர் பெரிதாக வளரும். மலையின் ஊர் சிறிதாகவே இருக்கும் என்பது அந்தப் பெயரிலேயே உள்ளது. இதனால் சங்ககாலத்தார் நிலப்பொறியியல் கற்றிருந்தனர் என்று பெருமை பேச வேண்டியதில்லை. தினைப்புனத்தின் விளைச்சலும் ஊற்றின் நீரும் சில குடும்பங்களுக்கே போதுமானவையாக இருந்தன. ஊரும் அந்த அளவிலேயே நின்றது.

நீலகிரியின் தொல்குடிகளும் இடமறிந்தே குடியமர்ந்தனர். தோடர்களின் மந்துகள் சோலைக்காட்டின் ஓரத்தில், ஓடைக்கு அருகில், புல்வெளியில் அமைந்த சில குடிசைகளே. படகர்களின் ஹட்டிகளில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். இரு சமூகத்தாருமே பள்ளத்திலுள்ள சதுப்பு நிலத்தை வீட்டுக்குரிய இடமாகக் கருதவில்லை. மழைநீரை உள்வாங்கிக் கோடையில் மெல்ல விடுவிக்கும் பஞ்சு அது.

இவ்வளவை மாற்றியது கடந்த 200 ஆண்டுக் காலம். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் கல்வீடு எழுப்பி, ஏரியும் வெட்டுவித்தார். பின்னர் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. மலை இரயில் 1899இல் குன்னூரை எட்டியது. 1908இல் உதகை வரை நீண்டது. புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாகவும் தைலமரக் காடுகளாகவும் மாறின. சாலை வந்தது, சாலையோரம் கடை வந்தது, கடைக்குப் பின்னால் வீடு வந்தது. முன்பு யாரும் வீடு கட்டத் துணியாத செங்குத்துச் சரிவுக்கும் இன்று மதிப்புக் கூடிவிட்டது. நல்ல இடங்கள் தீர்ந்துபோனதே அதற்குக் காரணம்.

மண்ணுக்குள் நடப்பது

சரிவில் உள்ள மண் கீழே விழாமல் நிற்பது எதனால்? மண்துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்தும் ஒட்டியும் பிடித்துக்கொள்வதனால். புவியீர்ப்பு அவற்றைக் கீழே இழுக்கிறது. இந்தப் பிடிப்பு தடுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஓயாத இழுபறி நடக்கிறது. மரவேர்கள் பிடிப்பின் பக்கம் நிற்பவை. மழைநீர் உள்ளே புகுந்ததும் நிலைமை மாறுகிறது. துகள்களின் இடைவெளிகளில் நீர் நிறைந்து அவற்றை விலக்கித் தள்ளுகிறது. மண்ணின் எடையையும் கூட்டுகிறது. பாறைக்கும் மண்போர்வைக்கும் இடைப்பட்ட தளத்தில் நீர் தேங்கினால் போர்வை முழுவதுமே வழுக்கத் தொடங்கும். பெருமழையின் முதல் மணிநேரத்தைவிட, தொடர்மழையின் மூன்றாம் நாள் அச்சத்துக்குரியதாக இருப்பது இதனால்தான்.

வீடு கட்டுவதால் இந்த இழுபறியில் என்ன மாறுகிறது? பலர் வீட்டின் எடையைக் கருதுவர். உண்மையில் எடை சிறிய செய்தி; மாடியின்றிக் கட்டப்பட்ட வீடு, தோண்டி எடுக்கப்பட்ட மண்ணைவிட எடை குறைந்ததாகவும் இருக்கக்கூடும். வெட்டும் நீரும்தான் பெரிய செய்திகள்.

முதலில் வெட்டைப் பார்ப்போம். 30 பாகைச் சரிவில் 10 மீட்டர் உள்நோக்கிச் சென்றால் தரை ஏறத்தாழ 5.8 மீட்டர் உயரும். அங்கே 10 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமும் உள்ள சமதளம் வேண்டுமானால், சரிவைக் குடைந்து ஏறத்தாழ 290 கனமீட்டர் மண்ணை எடுக்க வேண்டும். கட்டட வேலைசெய்வோர் வழக்கில் அது 100 யூனிட். வீட்டின் பின்புறம் இரண்டு மாடி உயரத்துக்குச் செங்குத்தான மண்சுவர் ஒன்று நிற்கும். அதுவரை மேல்சரிவுக்கு முட்டுக்கொடுத்து நின்ற அடிமண் இப்போது அங்கில்லை. அதற்குப் பதிலாகத் தாங்குசுவர் எழுப்பப்படும். அச்சுவரில் நீர் வடியும் துளைகளும், அதன் பின்னால் கல்லும் சரளையும் நிரப்பிய வடிகாலும் இருந்தால் அது நிற்கும். துளைகள் அடைபட்டால் பின்னால் தேங்கும் நீரே அதைத் தள்ளிவிடும். வெட்டிய 100 யூனிட் மண் எங்கே போகும்? பெரும்பாலும் வீட்டின் முன்பக்கச் சரிவிலேயே கொட்டப்படும். இறுகாத அந்த மண்மேடு அடுத்த பெருமழைக்காகக் காத்திருக்கும்.

அடுத்து நீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். 100 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கூரைகளிலிருந்து மட்டும் 10 இலட்சம் லிட்டர் நீர் கிடைக்கும். சாலைகளும் முற்றங்களும் தரும் நீர் தனி. புல்லும் புதரும் இருந்தபோது சரிவெங்கும் பரந்து மெல்ல இறங்கிய நீர், இப்போது சில குழாய்களில் திரண்டு சில இடங்களில் மட்டும் கொட்டும். நீலகிரியில் 100 மில்லிமீட்டர் என்பது அரிய மழையும் அன்று. 2019 ஆகஸ்டு 8ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவானது 820 மில்லிமீட்டர்.

மழையாவது பருவத்தில் பெய்து ஓயும். ஓயாத மழை ஒன்றும் உண்டு. நகர்ப்புறக் குடிநீர் வழங்கலுக்கான இந்திய அளவீடு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும். வீட்டுக்கு ஐவர் எனக் கொண்டால் நம் எடுத்துக்காட்டுக் குடியிருப்பின் கழிவுநீர் நாளொன்றுக்கு 54,000 லிட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத மலைச்சரிவில் வீட்டுக்கொரு கழிவுநீர்த் தொட்டியும் உறிஞ்சுகுழியும் அமைப்பதே வழக்கம். அதாவது, அந்த 2 கோடி லிட்டரும் சரிவின் உள்ளேயே செலுத்தப்படுகிறது. கோடையில் காய்ந்து இறுக வேண்டிய மண் காய்வதே இல்லை. பருவமழை வரும்போது அது ஏற்கெனவே பாதி நனைந்திருக்கிறது.

கண்ட பேரிடர்கள்

நீலகிரியில் 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த நிலச்சரிவுகளே அரசையும் அறிஞர்களையும் முதன்முதலில் பெரிதும் விழிக்கச் செய்தவை. 1993 நவம்பர் 11இல் குன்னூர் – மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மரப்பாலம் அருகே சரிந்த மண் நெடுஞ்சாலையையும் இரயில் பாதையையும் சிதைத்துப் பல உயிர்களைப் பறித்தது. 2009 நவம்பரில் தொடர்ந்து பெய்த மழையில் மாவட்டத்தின் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிரிழந்தோருள் பலர் உறக்கத்தில் தம் வீடுகளுக்குள் இருந்தவர்கள். அதன்பின் மாவட்ட நிருவாகம் 283 இடங்களைப் பேரிடர் வாய்ப்புள்ளவையாகக் கண்டறிந்து, பருவமழைதோறும் கண்காணித்து வருகிறது.

2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல்மழையின்போது, திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர் வீடு ஒன்றின்மீது பாறையும் மண்ணும் சரிந்தன. உள்ளே இருந்த எழுவர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர். திருவண்ணாமலை கோடை வாழிடமன்று. நீலகிரியைப் போல மழை மிகுந்த ஊருமன்று. மலையடிவாரம் எங்கிருந்தாலும் மலையடிவாரமே.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லா நிலச்சரிவுக்கும் கட்டடங்களே காரணம் என்பது உண்மையன்று. 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் 250க்கும் மேற்பட்டோரை விழுங்கிய பேரழிவு, ஊருக்கு வெகுமேலே வனப்பகுதியில் தொடங்கியது. அங்கிருந்து சேறும் பாறையும் ஆற்றுவழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவு பாய்ந்து வந்தன. தொடங்கிய இடத்தில் வீடுகளில்லை. வீடுகள் இருந்தது வந்த வழியில். எனவே, திட்டமிடப்படும் குடியிருப்பைப் பற்றி இரண்டு வினாக்கள் எழுகின்றன. இக்குடியிருப்பு மலைக்கு என்ன செய்யும் என்பது ஒன்று. மலை இக்குடியிருப்புக்கு என்ன செய்யும் என்பது மற்றொன்று. மதிப்பீட்டு அறிக்கைகள் முதல் வினாவுக்குப் பல பக்கங்களை ஒதுக்குகின்றன. இரண்டாவதற்கும் அதே இடம் தர வேண்டும் என்பதே வயநாடு தரும் சான்று.

எச்சரிக்கை இல்லாமலே பேரிடர் வருவதாக எண்ணுவதும் சரியன்று. உத்தரகாண்டின் ஜோஷிமட் நகரம் பழைய நிலச்சரிவு மண்ணின்மேல் அமைந்தது. அங்கே பெருங்கட்டுமானங்களைத் தவிர்க்க வேண்டும் என்று மிஸ்ரா குழு 1976ஆம் ஆண்டே அறிக்கை தந்தது. 2023 ஜனவரியில் அந்நகரின் 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. அறிக்கைக்கும் விரிசலுக்கும் இடையே 47 ஆண்டுகள்!

சட்டத்தின் அளவுகோல்

பெருந்திட்டங்களை நிறைவேற்றும் முன்பே அவற்றின் விளைவுகளை ஆராய வேண்டும் என்னும் கருத்து, அமெரிக்காவில் 1970இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியிடப்பட்டது. அதன் இடத்தை 2006இல் புதிய அறிவிக்கை பெற்றது.

தெரிந்து தெளிவோம்
2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு நான்கு படிநிலைகள் கொண்டது. திட்டத்திற்கு விரிவான ஆய்வு தேவையா என முடிவுசெய்தல், எவற்றை ஆராய வேண்டும் என வரையறுத்தல், பொதுமக்களின் கருத்தைக் கேட்டல், வல்லுநர் குழு மதிப்பாய்வு செய்தல் என்பன அவை. எல்லாத் திட்டங்களும் நான்கு படிகளையும் கடப்பதில்லை.

இவ்வறிவிக்கையில் கட்டடத் திட்டங்களுக்கு ஒரு நுழைவாயில் உண்டு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் முன் அனுமதி வேண்டும். சென்னையிலோ திருச்சியிலோ இந்த அளவு பொருத்தமானதாக இருக்கலாம். மலைக்கு? நம் எடுத்துக்காட்டை நினைவுகூர்க. 100 சதுர மீட்டர் அளவில் 100 வீடுகள் என்றால் மொத்தம் 10,000 சதுர மீட்டர், வரம்பில் பாதி. 29,000 கனமீட்டர் மண்ணை அகற்றி, ஆண்டுக்கு 2 கோடி லிட்டர் கழிவுநீரைச் சரிவுக்குள் செலுத்தக்கூடிய ஒரு குடியிருப்பு, இந்த வாயிலுக்குள் நுழையவே வேண்டியதில்லை. அதே சரிவில் வேறோர் உரிமையாளர் சற்றுச் சிறிய குடியிருப்பு ஒன்றைக் கட்டினாலும் அதுவும் தனித்தனியே கணக்கிடப்படும். மனைகளை மட்டும் பிரித்து விற்று, வீட்டை அவரவர் கட்டிக்கொள்வதென்றால் கணக்கே வேறு. சட்டம் தரைப்பரப்பை அளக்கிறது. மலையோ சரிவின் பாகையையும் நீரின் போக்கையும் அளக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சுரங்கம், அனல்மின் நிலையம் போன்ற திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெறுவதை நாளிதழ்களில் படிக்கிறோம். 2006 அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கு அக்கூட்டத்திலிருந்து விலக்கு அளித்துள்ளது. ஆகவே, வரம்பைத் தாண்டிய பெரிய மலைக்குடியிருப்பாக இருந்தாலும், கீழ்ச்சரிவில் குடியிருப்போரை அழைத்துக் கேட்கும் படிநிலை அதற்கு இல்லை.

இந்த இடைவெளியைத் தமிழ்நாடு தன் வழியில் நிரப்ப முயன்றுள்ளது. 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. அறிவிக்கை செய்யப்பட்ட மலைக்கிராமங்களில் மனைப்பிரிவு அமைக்கவும் கட்டடம் எழுப்பவும் புவியியல் – சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை முதலியவற்றின் கருத்து பெறப்பட வேண்டும். 1993இல் மலையிடங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன. உயரம் 7 மீட்டர் என்னும் வரம்பு அவற்றுள் பலரும் அறிந்தது. நீலகிரியில் பொக்லைன் போன்ற மண்வாரி இயந்திரங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தவும் தடை உண்டு. தேசிய அறிவிக்கையைவிட இவை மலையை நன்கு அறிந்த விதிகள் என்பதில் ஐயமில்லை. புவியியலாளர் நேரில் வந்து பார்க்கும் வாய்ப்பை இவை தருகின்றன. எனினும், கட்டட உயரத்துக்கான வரம்பு, வீட்டுக்குப் பின்னால் வெட்டப்பட்ட மண்சுவரின் உயரத்தைத் தானாகக் கட்டுப்படுத்தாது. கோப்புகளும் மனைக்கொன்றாகவே மேசைக்கு வருகின்றன. தனித்தனியே பார்த்தால் தவறில்லாத 40 கோப்புகள் ஒரே ஓடையின் இரு கரைகளையும் மூடிவிடக்கூடும்.

காட்டுயிர்களின் வழியும் இவ்வாறே துண்டுதுண்டாக அடைபடுகிறது. நீலகிரியின் வடக்கே சீகூர்ப் பீடபூமியில் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகள் தொடர்பான வழக்கில், தமிழ்நாடு அரசு வழித்தடத்தை அறிவித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அங்கேயும் எந்த ஒரு விடுதியும் வழித்தடத்தைத் தனியே அடைத்துவிடவில்லை. வேலி வேலியாகச் சேர்ந்துதான் அடைத்தன.

யாருடைய வீடு?

இவ்வளவையும் படித்தபின் மலையில் வீடே கூடாது என்று சொல்லத் தோன்றும். அவ்வாறு சொல்வது சமவெளியில் வீடுள்ளவர்களுக்கு எளிது.

மலையில் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு; அப்பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுள் பலர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களின் பணிக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தோற்றுவிக்கப்பட்டன. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறுவோர் தோட்டக் குடியிருப்பைவிட்டு வெளியேறி எங்கே போவது? கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது பெரும்பாலும் சாலைக்குக் கீழேயுள்ள செங்குத்துச் சரிவு அல்லது ஓடைக்கரை. அவர்கள் விட்டுவந்த மலையகத்திலும் இதே நிலைதான். பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் மண்ணில் புதைந்தவை தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளே. ஆபத்தான இடத்தில் ஏழைகள் குடியிருப்பது அறியாமையால் அன்று. வேறு இடம் இல்லாமையால்.

ஆகவே, நன்மையின் தட்டில் எதை வைக்கிறோம் என்பதையும் உற்றுநோக்க வேண்டும். ஆண்டில் 15 நாள்கள் மட்டும் திறக்கப்படும் விடுமுறை வீடும், ஆறு பேர் அன்றாடம் வாழும் இரண்டறை வீடும் மதிப்பீட்டு ஏட்டில் சதுர மீட்டர்களாகவே பதிவாகின்றன. இரண்டும் சரிவை ஒரே வகையில் பாதிக்கலாம். ஆனால், ஒன்றுக்கு மாற்று இடம் உண்டு, மற்றதற்கு இல்லை. திட்டம் வேலைவாய்ப்புத் தரும் என்று சொல்லப்படும்போது, அது கட்டுமானக் காலத்தின் ஓராண்டு வேலையா, அதன்பின்னும் நீடிப்பதா என்றும் கேட்க வேண்டும். பயன் மேலே வாழ்பவருக்கும் இடர் கீழே வாழ்பவருக்கும் போய்ச்சேர்வதாக இருந்தால், இரு தட்டுகளும் சமமாக நின்றாலும் அத்தராசு நேர்மையானதன்று என்பதே இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

எல்லையை மாற்றி வரைதல்

ஒரு குடியிருப்புத் திட்டத்தை ஆராய வந்த குழு முதலில் செய்யத்தக்கது, மனையின் எல்லைக்கோட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, நீரின் எல்லைக்கோட்டை வரைவது. திட்ட இடத்துக்கு மேலே எந்த முகடு வரையுள்ள மழைநீர் இங்கு வந்து சேர்கிறது, இங்கிருந்து இறங்கும் நீர் எந்த ஓடை வழியே எந்த ஊரைத் தொடுகிறது என்று பார்த்தால் அக்கோடு கிடைத்துவிடும். அக்கோட்டுக்குள் ஏற்கெனவே எத்தனை வீடுகள், எத்தனை வெட்டுகள், எத்தனை உறிஞ்சுகுழிகள் உள்ளன என்பதைக் கணக்கிட வேண்டும். புதிய 100 வீடுகளை வெற்றுச் சரிவில் வரும் முதல் 100 வீடுகளாகக் கருதுவதும், ஏற்கெனவே களைத்த சரிவில் வரும் கடைசி 100 வீடுகளாகக் கருதுவதும் வெவ்வேறு முடிவுகளைத் தரும்.

மாற்று வழிகளையும் ஆராயாத மதிப்பீடு, எடைபோடுவதாகாது. 30 பாகைச் சரிவை விட்டு 10 பாகைச் சரிவுக்குத் திட்டத்தை நகர்த்தினால், அதே 10 மீட்டரில் தரை 1.8 மீட்டர்தான் உயரும். அகற்ற வேண்டிய மண் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறையும். சரிவைக் குடையாமல், சம உயரக்கோட்டின் வழியே குறுகலாகவும் நீளமாகவும் வீட்டை அமைக்கலாம், தூண்களின்மேல் நிறுத்தலாம். உறிஞ்சுகுழிகளைக் கைவிட்டு, கழிவுநீரைக் குழாய்வழிச் சேர்த்துப் பொதுவிடத்தில் தூய்மை செய்யலாம். சதுப்பையும் ஓடைக்கரையையும் தொடாமல் விடலாம். வெட்டிவேரின் ஆழ்ந்த வேர்க்கற்றை மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆயினும், ஆழத்தில் வழுக்கும் தளத்தை எந்தப் புல்லும் பிடித்து நிறுத்தாது. செடி நடுவதாக உறுதியளித்த ஒரே காரணத்துக்காக ஒரு திட்டம் ஏற்கத்தக்கதாகிவிடாது. மரம் வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளரலாம். வெட்டிய மலைச்சரிவு மீண்டும் வளர்வதில்லை.

சரிவையே அலகாகக் கொண்டு கணக்கிடுவது நடக்கக்கூடியதா? நடத்திக் காட்டிய ஊர் ஹாங்காங். செங்குத்தான குன்றுகளும் நெருக்கமான மக்கள்தொகையும் கொண்ட அந்நகரில், 1972 ஜூன் 18ஆம் நாள் பெருமழையில் இரண்டு சரிவுகள் இடிந்தன. சாவ் மாவ் பிங் என்னுமிடத்தில் ஏழை மக்களின் குடிசைகள்மீது விழுந்தது, முன்பு கொட்டி வைக்கப்பட்ட மண்மேடு. அங்கு 71 பேர் மாண்டனர். போ ஷான் சாலையில் சரிந்த மண் வசதிமிக்கோர் வாழ்ந்த 12 மாடிக் கட்டடத்தை வீழ்த்தியது. அங்கு 67 பேர். 1976இல் சாவ் மாவ் பிங்கில் மீண்டும் மண்மேடு சரிந்து 18 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே சரிவுகளைக் கண்காணிப்பதற்கெனத் தனித்துறை நிறுவப்பட்டது.

அத்துறை மனிதர் வெட்டிய சரிவுகள், கொட்டிய மண்மேடுகள், எழுப்பிய தாங்குசுவர்கள் அனைத்தையும் எண்ணிப் பதிவுசெய்தது. இன்று அப்பதிவேட்டில் ஏறத்தாழ 60,000 சரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பதும் பதிவாகியிருக்கிறது. எண் பொறித்த சிறு தகடு சரிவின் அடியில், சாலையில் நடந்து போகிறவர் கண்ணில் படும்படி பொருத்தப்பட்டுள்ளது. கீழ்வீட்டில் குடியிருப்பவர் தம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சுவரின் துளைகள் அடைபட்டிருப்பதைக் கண்டால், அந்த எண்ணைச் சொல்லி, பொறுப்பானவர் யார் என்று கேட்கலாம்.